அருமைநாயகம் கூட வந்தவங்க

மூன்று மணி நேரமாக ஞானக்கனி அந்த மஞ்சள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்து அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து மகன் சீலன் வந்து, வெறும் நாற்காலியைக் கண்டுவிட்டு, அம்மா இங்கே இல்லை போலிருக்கிறது என்று திரும்பிப் போய்விட்டால்? அவன் அப்படித்தான், எதையும் ஒரு தடவைக்கு மேல் தேடமாட்டான், சின்னப் பிள்ளையிலேயே கண்ணுக்கு முன்னால் கிடக்கிற சீப்புக்கு எம்மா எங்கம்மா எங்கம்மா என்று தெரு முழுக்கக் கேட்கக் கத்துவான், அதனால் உட்கார்ந்தே இரு, ஆண்டவரே என்னை இதிலேயே ஆணி அடித்து வையும், ஒன்றுக்கு முட்டினால் முட்டிவிட்டுப் போகட்டும். இது ஏதோ பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடம். பந்து போடுகிற வளையம் தலைக்கு மேலே தொங்குகிறது, தரையெல்லாம் சிவப்பும் பச்சையுமாய்க் கோடு, கோட்டுக்குக் கோடு நாற்காலி போட்டு நூறு நூற்றைம்பது பேர், எல்லாரும் அவளை மாதிரி, கூட வந்த ஆளைத் தெருவில் தொலைத்தவர்கள். ஜெர்மனிக்கு வந்து இருபத்திரண்டே நாள். பாஷை தெரியாது. கையில் போன் இல்லை, நீ எங்கயாச்சும் போட்டுருவ, எங்கிட்டக் குடும்மா என்று சீலன்தான் வாங்கித் தன் தோள்பையில் போட்டுக்கொண்டான். யாரோ வந்து வெள்ளித்தாள் போல ஒரு போர்வையைக் கழுத்தோடு சுற்றிவிட்டுப் போனார்கள், மூச்சு விட்டால் சரசர என்கிறது, பச்சைச் சேலை ஓரம்கூட வெளியே தெரியவில்லை, பிரியாணிப் பொட்டலம் மாதிரி சுத்தி வச்சிருந்தாவலே என்று சொன்னால் அவன் விழுந்து விழுந்து சிரிப்பான், சொல்லணும், வந்த உடனே சொல்லணும், மறக்கக் கூடாது. நெஞ்சு மட்டும் ஒரு இடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது, தையல் மிஷினை யாரோ ஓங்கி மிதிக்கிற மாதிரி தடதடதட என்று ஓடுகிறது, அந்தத் தடதடப்புக்குள் எந்த ஜெபத்தைத் தொடங்கினாலும் பாதியில் நூல் அறுந்துவிடுகிறது.

ஊறுகாய். எல்லாம் அந்த ஊறுகாயால் வந்தது. இல்லை, அப்படிச் சொல்லக் கூடாது, ஆனால் ஊறுகாய் என்று தன் வாய்தானே சொன்னது. காலையிலிருந்தே அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு, இந்த வயதில் இவ்வளவு சந்தோஷம் ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற அளவுக்கு. செர்ரிப் பழத்துக்குத் திருவிழாவாம், பழத்துக்கா, ஆமாம்மா பழத்துக்குத்தான், வா காட்டுறேன் என்று கூட்டிப் போனான். தெருவை அடைத்துப் பந்தல், பந்தல் பந்தலாய்ப் பழம், இந்தக் கறுப்பு, அந்தச் சிவப்பு, இரத்தம் கட்டின நகம் மாதிரி ஒரு நிறம், மேளக்காரர் குல்லாய் வைத்து ஊதிக்கொண்டு போகிறார்கள், அவள் பெரிய பெரிய எட்டு வைத்து மகனுக்கு முன்னால் நடந்தாள், முட்டுவலி எங்கே போனதோ. ஒருவன் கொட்டையைத் தூரமாகத் துப்புகிற போட்டி வைத்திருந்தான். எம்மா, நீ போய்த் துப்பேன், நம்ம ஊரு புளியங்கொட்டை துப்புன வாய்தானே, என்றான் சீலன். போலே, கோட்டிக்காரா, என்று அவன் முதுகில் ஒன்று வைத்தாள். வைத்த கை இன்னும் உள்ளங்கையில் அவன் சட்டைச் சூட்டை வைத்திருக்கிறது. முப்பத்தொரு வயசுப் பிள்ளை, ஆபீசில் அவனுக்குக் கீழே பத்து வெள்ளைக்காரர், தெருவில் அம்மாவிடம் அடி வாங்கிச் சிரித்துக்கொண்டு நிற்கிறான். அப்போதுதான் அந்தக் கடைசிப் பந்தலில் ஒரு பழத்தை வாயில் போட்டாள், நல்ல புளிப்பு, பல் கூசிற்று, இதை ஊறுகா போட்டா எப்படியிருக்கும் தெரியுமா, உங்க அக்கா பியூலா பார்த்தா விடமாட்டா, என்றாள். சரி ரெண்டு கிலோ வாங்கிட்டு வாரேன், நீ இந்தக் கண்ணாடிக் கடை வாசல்லயே நில்லு, அசையப்பிடாது. தெருவைத் தாண்டிப் போனான். நீலச் சட்டை. பாதித் தெருவில் திரும்பி, நல்லெண்ணெ இருக்காம்மா வீட்ல, என்று கேட்டான். இருக்குலே, என்றாள். அதுதான். அதற்குப் பிறகு அந்தச் சாம்பல் வேன். சத்தம்தான் முதலில் வந்தது, நெல் மூட்டைகளை லாரியிலிருந்து அடுத்தடுத்துத் தள்ளிவிடுகிற மாதிரி, தொம் தொம் தொம் என்று, பந்தல் கம்பு ஒடிகிற சத்தம் அதற்கும் பிறகு. பிரேக் பிடிக்கவில்லை பாவம் என்றுதான் ஒரு கணம் நினைத்தாள், ஐயோ அந்த டிரைவருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்றுகூட நினைத்தாள். பிரேக் பிடிக்காதவன் ஆரன் அடிப்பான், ஒதுங்கு ஒதுங்கு என்று கையை ஆட்டுவான். இவனோ, ஜனம் எந்தப் பக்கம் ஒதுங்கியதோ அந்தப் பக்கம் திருப்பினான். அதைக் கண்ணால் பார்த்தாள். திருப்பினதைப் பார்த்தாள். அப்புறம் கண்ணாடிக் கடைக்காரி அவளை இடுப்போடு சேர்த்து உள்ளே இழுத்துவிட்டாள், உள்ளே நூறு மூக்குக்கண்ணாடிகள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன, வெளியே நீலச் சட்டை எங்கே எங்கே என்றால் தெரு முழுக்கப் பழம், பழம்தான், பழமாகத்தான் இருக்கும், வேறு ஒன்றும் இல்லை, செர்ரி நசுங்கினால் அப்படித்தான் இருக்கும் ஆண்டவரே.

ஆரஞ்சு மேல்சட்டை போட்ட ஒரு அம்மாள் வந்தாள் முதல் மணி நேரத்தில், அறுபது வயது இருக்கும், நல்ல முகம், முழங்கால் போட்டு எதிரே உட்கார்ந்தாள். அவள் தன் போனில் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னாள், போன் அதைத் தமிழில் சொல்லிற்று, ரேடியோவில் செய்தி வாசிக்கிற பெண் மாதிரி: 'உங்கள் குடும்பத்தின் பெயர் என்ன?' ஞானக்கனிக்கு உடம்பே சிலிர்த்துப் போயிற்று, மூன்று மணி நேரத்தில், இல்லை அப்போது ஒரு மணி நேரம்தான், காதில் விழுந்த முதல் தமிழ். உபதேசியார் குடும்பம், என்று சொன்னாள், ஊரில், நாசரேத்தில், யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், மாமனாரின் அப்பா வேதக்கோயிலில் வேதம் போதிக்கிற உபதேசியாராக இருந்தவர், அன்றிலிருந்து உபதேசியார் வீடு, உபதேசியார் பிள்ளைகள், உபதேசியார் வீட்டு மாடு என்றுதான் பேச்சு. ஆரஞ்சுக்காரி ஒவ்வொரு எழுத்தாக எழுதிக்கொண்டாள். பிள்ளை பேரு சீலன், சீலன், என்று இவள் இரண்டு தடவை சொன்னாள். அதையும் எழுதினாள். போய்த் தாளைத் தாளைப் புரட்டிவிட்டு வந்து தலையை ஆட்டினாள். இல்லை. இல்லை என்றால் என்ன? செத்தவர் கணக்கில் இல்லையா, பிழைத்தவர் கணக்கில் இல்லையா? போன் சொல்லிற்று, 'இந்தப் பெயரில் எவரும் இல்லை. தமிழ் பேசுபவர் வருகிறார். காத்திருக்கவும்.' காத்திருக்கவும். பக்கத்து நாற்காலியில் மேளக்காரக் குல்லாயோடு ஒரு பெண் பிள்ளை, பதினெட்டு இருக்குமா, மடியில் ஊதுகுழல், அது நசுங்கிப்போய் இருக்கிறது, அதைத் தடவித் தடவி நேராக்கப் பார்க்கிறாள். ஞானக்கனி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பேர் தெரியாது, பாஷை தெரியாது, கை மட்டும் ஐஸ் மாதிரி. இந்தப் பிள்ளைக்காக ஜெபம் பண்ணலாம் என்று கண்ணை மூடினாள், ஆண்டவரே இந்தப் பிள்ளை தேடுகிற ஆளைக் கொண்டுவந்து சேரும், அது சரளமாக வந்தது, அடுத்து என் மகனை, அது வந்தது, தடுக்கித் தடுக்கி வந்தது, அடுத்து அந்த வேனை ஓட்டினவனை. அங்கே நின்றுவிட்டது. பகைக்கிறவனுக்கும் ஜெபம் பண்ணணும் மக்கா என்று இருபது வருஷம் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொன்னவள்தான். அவனுக்கும் ஒரு அம்மா இருப்பாள், அவளுக்கும் இதே நேரம் நெஞ்சு இப்படித்தான் தடதடக்கும், எல்லாம் தெரிகிறது, புத்திக்குத் தெரிகிறது, ஆனால் அவனை என்று தொடங்கினாலே அந்தச் சக்கரம் திரும்பினது கண்ணுக்கு வந்துவிடுகிறது. ஆண்டவரே இப்போ முடியாது. பொறுத்துக்கொள்ளும். இப்போ முடியாது.

கூடத்தின் கோடியில் இரண்டு கதவு. ஒரு போலீஸ்காரர், வழுக்கைத் தலை, கையில் தாள். அவர் வந்து நின்றாலே கூடம் முழுக்க மூச்சை நிறுத்திக்கொள்கிறது. பேரை வாசிக்கிறார், அந்தப் பேருக்குரிய ஜனம் எழுந்து போகிறது, கதவு சாத்திக்கொள்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம் என்ன சொல்கிறார்கள்? இடது கதவில் போனவர்களிடமிருந்து ஒரு அலறல் கேட்டது, அலறல் சந்தோஷமா துக்கமா என்று பாஷை தெரியாதவளுக்கு எப்படித் தெரியும், ஆனால் அலறலுக்குப் பாஷை உண்டா என்ன. வலது கதவில் சத்தமே இல்லை, அது அதைவிடப் பயமாக இருந்தது. போலீஸ்காரர் மறுபடி வந்தார். தாளைப் பார்த்தார். வாயைத் திறந்து, பாதி திறந்து, நிறுத்தி, படிக்கத் தெரியாத பிள்ளை மாதிரி எழுத்துக்கூட்டி, அருமைநாயகம், என்றார்.

அருமைநாயகம். ஞானக்கனியின் கை அந்தப் பெண் பிள்ளையின் கையை விட்டுவிட்டது. செத்துப்போன தன் புருஷனின் பேரை ஜெர்மனிக்காரப் போலீஸ் கூப்பிடுகிறார். பதினோரு வருஷமாயிற்று அவர் போய். காது பொய் சொல்லுகிறது, மூன்று மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் காது என்ன வேண்டுமானாலும் சொல்லும். இல்லை, பொய் இல்லை, இந்தப் பேரை இப்படித்தான் கூப்பிட்டார்கள் அன்றைக்கும், பெரியாஸ்பத்திரி நடையில், அவள் பச்சைப் பெயிண்ட் அடித்த பெஞ்சியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் வெந்நீர்ப் போத்தல், சாயங்காலம் வீட்டுக்கு விட்டுவிடுவார்கள் என்றுதான் சொல்லியிருந்தார்கள், நெஞ்சில் லேசான வலிதான், வாயுவாயிருக்கும் என்று. உள்ளேயிருந்து ஒரு நர்சம்மா தலையை நீட்டி, அருமைநாயகம் கூட வந்தவங்க யாரு, என்றாள். நாந்தான் என்று துள்ளி எழுந்தாள். துள்ளித்தான் எழுந்தாள், போத்தல் உருண்டது, வீட்டுக்கு விடப் போகிறார்கள் என்று. எழுந்து நாலு எட்டு. நாலாவது எட்டில் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு எழுந்திருக்காமல் இருந்திருந்தால், கூடக் கொஞ்ச நேரம், அரைமணி, ஒரு மணி நேரம், அவர் உயிரோடு இருந்திருப்பார் அவளுக்கு. அந்த ஒரு மணி நேரத்தை அவளே எழுந்து போய்த் தொலைத்தாள். இப்போது மறுபடி கூப்பிடுகிறார்கள். ஏன் கூப்பிடுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும், உள்ளங்காலிலிருந்து தெரிகிறது, அவுக வந்திருக்காவ, மகனைக் கூட்டிப் போக அவுகளே வந்திருக்காவ, தெருவில் தனியாக விழுந்து கிடக்கிற பிள்ளையை அப்பா வந்து தூக்காமல் யார் தூக்குவார். எழுந்திருக்க மாட்டேன். அன்றைக்கு எழுந்தேன், இன்றைக்கு மாட்டேன். வெள்ளித்தாளைத் தலை வரைக்கும் இழுத்துக்கொண்டாள், உள்ளே அவள் மூச்சே சூடாக அவள் முகத்தில் அடித்தது. கூப்பிடட்டும். இரண்டாம் தடவையும் கூப்பிட்டார். யாரும் எழவில்லை. கூடத்தில் ஒரு முணுமுணுப்பு, யாரப்பா அது, எந்த நாட்டுக்காரர், ஏன் யாரும் போகவில்லை என்றுதான் இருக்கும். கொஞ்சம் பொறுங்க, கொஞ்ச நேரம் மட்டும், அவன் உயிரோட இருக்கட்டும், என்று ஞானக்கனி தாளுக்குள்ளே சொன்னாள், புருஷனிடம் சொன்னாளா கர்த்தரிடம் சொன்னாளா அவளுக்கே தெரியாது. நல்லெண்ணெய் இருக்காம்மா என்று கேட்டான். இருக்குலே. இருக்கு, அரைப் போத்தல் இருக்கு, கூடக் கடுகு வாங்கணும் என்று நினைத்தாளே, அதைச் சொல்லவில்லையே, சொல்லியிருந்தால் இன்னும் ஒரு நிமிஷம் அந்த இடத்திலேயே நின்றிருப்பானே.

மூன்றாம் தடவை போலீஸ்காரர் பொறுமை இழந்து சத்தமாக, பேரின் தலையை நீட்டி வாலைத் தூக்கி, 'ஆருமை நயகாம்!' என்றார். அந்த மாதிரி. அதே மாதிரி. இதே மாதிரி யார் சொன்னது, யார், இப்போது கேட்டேனே, போன வாரம், ஆமா, வெள்ளிக்கிழமை, கையில் மாவு ஒட்டியிருந்தது, பூரிக்குப் பிசைந்துகொண்டிருந்தாள், மணி அடித்தது, கதவைத் திறந்தால் தபால்காரன். மஞ்சள் சட்டை. கையில் ஒரு பெட்டி. ஆருமை நயகாம்? என்று கேட்டான், சிரித்துக்கொண்டு. அவளுக்கு ஒரு நிமிஷம் தலை சுற்றிப்போய், ஆமா ஆமா என்று தலையை ஆட்டி வாங்கிக்கொண்டாள், பெட்டி முழுக்க மாவு அப்பிற்று, சாயங்காலம் சீலன் வந்து பிரித்தான், உள்ளே அவனுடைய ஓடுகிற செருப்பு. அவன் செருப்பு. அவன் பேருக்கு வந்தது. ஏலே, என்னலே தபால்காரன் அப்பாவத் தேடி வாரான், என்று கேட்டாள். அவன் செருப்பை மாட்டிப் பார்த்துக்கொண்டே, இங்க அப்பா பேருதாம்மா எம் பேரு, பாஸ்போர்ட்ல அப்படித்தான இருக்கு, ஆபீஸ்ல சீலன்னு சொன்னா ஒருத்தனுக்கும் தெரியாது, கீழ தபால் பெட்டில பாக்கலியா நீ, என்றான். பார்த்தாள். அப்புறம் போய்ப் பார்த்தாள், ஆங்கில எழுத்தை ஒன்று ஒன்றாகத் தொட்டுக் கூட்டிப் படித்தாள், முந்தானையால் துடைத்தாள், தினமும் துடைக்கிறாள். ஐயோ. ஐயோ ஆண்டவரே, உபதேசியார் என்று யாருக்கு வேண்டும் இந்த ஊரில், தாளில் இருப்பது சீலன் என்கிற பேர் இல்லை, ஆனால் ஆள் சீலன்தான், கூப்பிடுவது அவுகளை இல்லை, அவனை, அவனை, மூன்று தடவை கூப்பிட்டாயிற்று, ஞானக்கனி நீ முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். தாளை விலக்கினாள். போலீஸ்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கிறார், தாளை மடித்துவிட்டார், கதவுக்குக் கை வைத்துவிட்டார். எழுந்தாள். கால் மரத்துப்போய் ஒரு பக்கம் சாய்ந்தது, குழல்காரப் பிள்ளை தாங்கிக்கொண்டது. இங்கே என்று எந்தப் பாஷையில் சொல்வது, நில்லுங்கள் என்று எப்படிச் சொல்வது, அந்த ஆளுக்கும் அவளுக்கும் பொதுவாக இந்த உலகத்தில் ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது, அதை அவள் கலியாணம் ஆன நாளிலிருந்து வாயால் சொன்னதில்லை, ரேஷன் கடையில்கூட அட்டையைத்தான் நீட்டுவாள், பியூலா அப்பா என்பாள், இவுக என்பாள், கல்லறையில்கூட எழுத்தைத் தடவியிருக்கிறாளே ஒழிய,

"அருமைநாயகம்!" என்று கத்தினாள். "ஐயா! அருமைநாயகம்! எங்க ஆளு! நாந்தான், நாந்தான் கூட வந்தது! அருமைநாயகம்!"

கூடம் முழுக்கத் திரும்பிற்று. போலீஸ்காரர் திரும்பினார். வாசல் பக்கமிருந்து டிராம் ஓட்டுகிறவர்களின் நீலச் சீருடையில் ஒரு பெண், கறுத்த முகம், நெற்றியில் பொட்டு, நாற்காலிகளுக்கு நடுவே இடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"அம்மா, நீங்கள் தமிழோ? என்னைத்தான் வரச் சொன்னவை. ரோட்டெல்லாம் மறிச்சுப் போட்டாங்கள், அதுதான் பிந்திப் போச்சு. நான் தர்சினி. பயப்பிடாதேங்கோ, என்ர கையைப் பிடியுங்கோ."

போலீஸ்காரர் ஏதோ கேட்டார். நீளமாகக் கேட்டார்.

"அருமைநாயகம் உங்களுக்கு என்ன முறை எண்டு கேக்கிறார் அம்மா. சொந்தக்காரருக்கு மட்டும்தான் சொல்லலாமாம்."

ஞானக்கனியின் வாய் பழக்கத்தில் புருஷன் என்று சொல்லக் குவிந்தது. அதை விழுங்கினாள்.

"மகன்," என்றாள். "எம் மகன்."

தர்சினி அதைச் சொன்னாள். போலீஸ்காரர் தாளை விரித்தார். எந்தக் கதவு? அவர் எந்தக் கதவையும் காட்டவில்லை, அந்த இடத்திலேயே நின்று வாசிக்கத் தொடங்கினார், நிதானமாக, ஒரே குரலில், ஞானக்கனி அவர் உதட்டைப் பார்க்காமல் தர்சினியின் முகத்தையே பார்த்தாள், புருவம் நெரிகிறதா, உதடு கோணுகிறதா, ஏன் கண்ணை மூடினாள், மூடித் திறந்தாள், சொல்லு தாயே, எதுவாக இருந்தாலும் சொல்லு, சொல்லாதே, சொல்லு.

"இருக்கிறார் அம்மா. உயிரோட இருக்கிறார். கேக்குதோ? உங்கட மகன் இருக்கிறார். கால் ரெண்டு இடத்தில முறிஞ்சு, மயக்கிப் போட்டு எலும்பை நேராக்கிக் கட்டினவையாம், இப்ப முழிச்சிட்டார். முழிச்ச நேரத்தில இருந்து அம்மா எங்கை, பச்சைச் சீலை உடுத்தவா எண்டு நர்ஸ்மாரைப் போட்டுக் கரைச்சல் குடுக்கிறாராம். இவை பச்சைச் சீலையைத் தேடி ரெண்டு தரம் இந்த மண்டபத்தையே சுத்திப் போட்டினம், நீங்கள் இதுக்குள்ள ஒளிச்சிருக்கிறியள்!"

ஞானக்கனி சிரித்தாளா அழுதாளா, வெள்ளித்தாள் முழுக்கச் சரசரவென்று குலுங்கிற்று. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், அதற்குமேல் ஒரு வார்த்தையும் வரவில்லை. தர்சினி ஆஸ்பத்திரி நர்சிடம் பேசி, இங்கே நடந்ததைச் சொல்லி, பொறுங்கோ பொறுங்கோ என்று ஒரு போனை அவள் காதில் வைத்தாள். இரைச்சல். அப்புறம் மருந்து மயக்கத்தில் குழறுகிற, கோபமான, அவனுடைய குரல்.

"எம்மா! எங்கம்மா போன? அசையப்பிடாதுன்னுதான சொன்னேன்?"

"எலே," என்றாள் ஞானக்கனி, கண்ணீர் வாய்க்குள் இறங்க இறங்க, "நான் அசையலலே. உனக்கு வாயில்லையாலே, உம் பேரச் சொல்லுறதுக்கு? அப்பா பேரயா கொடுப்ப? நான் என்னன்னுலே எந்திரிப்பேன்?"

"எம்மா, நீ அப்பா பேரச் சொல்லிக் கூப்பிட்டியாமே? இந்த நர்ஸ் சொல்லுது, அங்க ஒரு லேடி கத்துதுன்னு. நெசமாவா?" அவன் சிரிக்கப் பார்த்து, வலியில் ஆவென்றான். "இன்னொரு தடவ சொல்லேம்மா, நான் கேக்கணும்."

"போலே, கோட்டிக்காரா," என்று தொடங்கினவள் நிமிர்ந்து பார்த்தாள். வழுக்கைத் தலைப் போலீஸ்காரர் மறுபடி தாளைப் புரட்டுகிறார். கூடம் முழுக்க நூறு பேர், மூச்சை நிறுத்திக்கொண்டு அவர் வாயையே பார்க்கிறார்கள். அவர் அடுத்த பேரைக் கூட்டிப் படிக்க வாயைத் திறந்தார். ஞானக்கனி சட்டென்று திரும்பி, சுவரோடு ஒட்டிக்கொண்டு, தன் பிள்ளையின் குரல் அவர்களில் ஒருவர் காதிலும் விழுந்துவிடாதபடி போனைக் கன்னத்தோடு அழுத்தி, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.